பதினாறு நிமிஷத் துள்ளல்

டிசம்பர் 3, 2025. புதன்

மழை. மாடியிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது. குச்சி விட்டுக் குத்தியதில் ஓர் அணில் கூடும் என் பழைய பேனா மூடியும் வந்தன.

மெர்லின் மறுபடி எழுதியிருக்கிறாள். வானாராய்ச்சி நிலையம் ஒன்றில் விஞ்ஞானி. இரட்டை நட்சத்திரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளாம். முப்பத்துநான்கு வருஷமாக ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் ஒருவன் மானாமதுரையில் இருக்கிறான் என்பது இப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பரவாயில்லை. முப்பத்துநான்கு வருஷம்தானே தாமதம்.

எனக்குப் பின் இந்த நோட்டு யார் கைக்குப் போகுமோ, விவரமாக எழுதிவைக்கிறேன். புஷ்பவனம் ஏதோ உளறினான் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, பைனாகுலரில் மட்டும் தெரியும் நட்சத்திரம் அது. பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. நாலு நாள் ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒன்று பிரகாசமானது, எடை அதிகம். மற்றது ஊதிப்போனது, மங்கல், எடை குறைவு. அந்த மங்கல்தான் ஒரு காலத்தில் இரண்டில் கனமாக இருந்தது. வயதாகி ஊதியது. தன் எல்லைக்குள் அடங்காமல் வழிந்தது. வழிந்த வாயு பக்கத்தில் இருந்ததன்மேல் போய் விழுந்தது. இன்றும் விழுகிறது. கொடுத்தது இளைத்துவிட்டது, வாங்கியது கொழுத்துவிட்டது. மங்கல் குறுக்கே வந்து பிரகாசத்தை மறைக்கும்போது கிரகணம். இளைத்தது கொழுத்ததற்குக் கொடுக்கக் கொடுக்க இரண்டும் விலகிப்போகும், சுற்று நீளும், கிரகணம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தும். அதனால் கிரகணத்தின் நடு நேரத்தை வருஷா வருஷம் குறித்துவந்தால், அங்கே எவ்வளவு வழிகிறது என்று இங்கே மொட்டை மாடியில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

நான் சொன்னேன். 2011-இல் கிரகணம் திடீரென்று பதினாறு நிமிஷம் பிந்தியது. மெதுவாக அல்ல, ஒரே துள்ளல். ஒரே வருஷத்தில் ஏராளமாகக் கொட்டியிருக்கிறது. உலகத்தில் அதை முதலில் கண்டவன் நான். எட்டாவது வரை படித்த, சிக்னல் லீவர் இழுக்கும் ரயில்வே கேபின்மேன்.

டிசம்பர் 7. ஞாயிறு

மெர்லின் போனில் பேசினாள்.

“ஐயா, நூற்றுப்பதினெட்டு கிரகண நேரம் அனுப்பியிருக்கீங்க. பொக்கிஷம் ஐயா.”

“தெரியும்மா.”

“எல்லாமே சூரியத் திருத்தம் செஞ்ச நேரமா இருக்கு. நீங்க கடிகாரத்துல பார்த்த நேரத்தையும் அனுப்ப முடியுமா?”

பூமி தன் வழியில் சுற்றும்போது சில மாதம் நட்சத்திரத்துக்குக் கிட்டே இருக்கிறது, சில மாதம் தள்ளி. அதனால் அதன் வெளிச்சம் எட்டு நிமிஷம் வரை முந்தியோ பிந்தியோ வரும். நகராத சூரியனில் நின்று பார்த்தால் எத்தனை மணியாக இருக்கும் என்று மாற்றி எழுதுவதுதான் சூரியத் திருத்தம். 1991-லிருந்து கையால் செய்கிறேன்.

“எதுக்குத் திருத்தாத நேரம்?”

“நாங்களும் ஒரு தடவை செஞ்சு பாத்துக்குவோம். எல்லார்கிட்டயும் கேக்குறதுதான் ஐயா.”

“எல்லார்னா? வேற யாரு இதைப் பாக்குறா?”

“இளையான்குடி சிக்கந்தர் ஐயா. அவரும் அனுப்பியிருக்காரு.”

போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது.

டிசம்பர் 8. திங்கள்

சிக்கந்தரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், நியாயம் தெரியட்டும். இளையான்குடி பஜாரில் வாட்ச் ரிப்பேர்க் கடை. இந்த நட்சத்திரத்தை 2003-இல் அவனுக்குக் காட்டியவன் நான். ஒன்பது வருஷம் வாராவாரம் பேசினோம். என் துள்ளல் 2012-இல் ஓர் அறிவியல் மாத இதழில் வந்தது, இரண்டு பக்கம், என் படத்தோடு. அடுத்த மாதம் ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் அவன் பெயரில் இரண்டே வரி: “நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனுக்குத்தான் சளி பிடித்தது.”

2011 தொடக்கத்தில் எனக்கு மூச்சிரைப்பு வந்தது உண்மை. அதுவரை மார்கழிக் கடைசியிலும் தையிலும் லீவு போட்டுப் பார்ப்பேன். டாக்டரும் என் மனைவி சௌந்தரமும் சேர்ந்து பனியில் நிற்கக் கூடாது என்று தடுத்ததால் அதன் பிறகு மாசி, பங்குனியில்தான் பார்க்கிறேன். நோயாளி கண்டது நம்பத் தக்கதல்ல என்கிறான். ஒரு மனுஷனின் நெஞ்சுச் சளியை அச்சில் ஏற்றிக் கேலி செய்தவனோடு என்ன பேச்சு? பதின்மூன்று வருஷமாகப் பேசவில்லை.

டிசம்பர் 12. வெள்ளி

மெர்லினுக்குப் பெரிய தொலைநோக்கியும் கேமராவும் 27-ஆம் தேதி ஓர் இரவு மட்டும் கிடைத்திருக்கின்றன. அன்று கிரகணம். நடு நேரத்தை முன்கூட்டியே சொல்லச் சொன்னாள். என் கணக்கு இரவு 9.14.

சிக்கந்தர் 8.56 என்று கொடுத்திருக்கிறானாம்.

“ரெண்டுல எது சரின்னு கேமரா சொல்லிடும் ஐயா. உங்க நேரம் வந்துச்சுன்னா துள்ளல் கட்டுரையில உங்க பேர்லயே வரும்.”

வராவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 15. திங்கள்

ரேஷன் கடையில் விரல் ரேகை விழவில்லை. நாலு தடவை வைத்துப் பார்த்தார்கள். தேய்ந்துவிட்டதாம்.

டிசம்பர் 19. வெள்ளி

கணக்கை மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் 9.14.

பதினெட்டு நிமிஷ வித்தியாசம் சின்னதல்ல. எங்கள் இருவரில் ஒருவன் வாழ்நாள் முழுக்கத் தப்பாகப் பார்த்திருக்கிறான். 2011-க்குப் பிறகு என் புள்ளிகள் கொஞ்சம் சிதறும், அது எனக்குத் தெரியும். மாசியில் பார்த்தது முந்தி நிற்கும், பங்குனியில் பார்த்தது பிந்தி நிற்கும். வாயு சீராக ஒழுகுவதில்லை என்று இதழிலேயே விளக்கம் எழுதியிருக்கிறேன். வருஷா வருஷம் அதே மாதங்களில் ஏன் அப்படி என்று நேற்று ஒரு கேள்வி வந்தது. கேள்விக்கென்ன, வரும்.

சாப்பாடு இறங்கவில்லை. சௌந்தரம் தட்டைப் பார்த்து, “அது ரெண்டும் சுத்துறது அங்க. நீங்க ஏன் இங்க சுத்திச் சுத்தி வர்றீங்க?” என்றாள்.

டிசம்பர் 24. புதன்

மழை விட்டது. மேற்கே கொஞ்சம் வெளுப்பு. வானிலை அறிக்கை சொல்வது ஒன்றும் நம்பும்படி இல்லை. இன்ஹேலர் வாங்கி வந்தேன். மருந்துக் கடைக்காரன், “பனிக்காலம் வெளிய போகாதீங்க பெரியவரே” என்றான். கடைக்கு வராமல் எப்படி மருந்து வாங்குவது?

டிசம்பர் 27. சனி

காலையிலிருந்து நீலம். ஒரு பொட்டு மேகம் இல்லை. சாயங்காலம் சௌந்தரத்தோடு சண்டை. கடைசியில் மஃப்ளர், ஸ்வெட்டர், அவளுடைய பழைய கம்பளி எல்லாம் சுற்றி அனுப்பினாள். “போற உசுரு மாடியில போகட்டும்” என்றாள். சுக்குக் காபி பிளாஸ்க்கில்.

என் முறை இது. பக்கத்தில் இரண்டு மாறாத நட்சத்திரங்கள். பிரகாசமானதற்கு ஹோம் என்றும் மங்கலானதற்கு அவுட்டர் என்றும் சிக்னல் பெயர் வைத்திருக்கிறேன். ஹோம் பூஜ்யம், அவுட்டர் பத்து. நம்முடையது எங்கே நிற்கிறது என்று எண்ணில் குறிப்பேன். ஒரே எண் இறங்கும்போது எப்போது, ஏறும்போது எப்போது என்று பார்த்தால் நடு நேரம் கிடைக்கும்.

6.40 – 3. அரை நிலா இருக்கிறது, தொந்தரவில்லை.
7.10 – 4.
7.40 – 6.
8.10 – 8. நன்றாக இறங்குகிறது.
8.35 – 9.
8.50 – 10. அவுட்டரும் இதுவும் ஒன்று போல்.
9.00 – 10. இன்னும் இறங்க வேண்டும்.
9.10 – 10, அல்லது 9½. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.
9.18 – 9. இருக்க முடியாது. பனி லென்ஸில் படிந்திருக்கும்.
9.25 – துடைத்தாயிற்று. 9.
9.42 – 8.
10.12 – 6.
10.44 – 4.
11.12 – 3. இறங்கி வந்துவிட்டேன்.

நடு நேரத்தை நாளை கணக்கிடுவேன்.

டிசம்பர் 28. ஞாயிறு

மேகம் என்று மெர்லினுக்குச் செய்தி அனுப்பினேன்.

டிசம்பர் 29. திங்கள்

மூச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை நெபுலைசர் வைத்தார்கள். மூக்கில் அதை வைத்திருக்கும்போது பேச முடியாது என்பது சௌந்தரத்துக்கு வசதி.

“மேகம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களாமே. போன்ல நல்லா இருக்காரான்னு விசாரிச்சுச்சு, அப்பச் சொன்னுச்சு. முந்தாநாள் வானம் துடைச்சு வச்ச வெண்கலப் பானை மாதிரில்ல இருந்துச்சு?”

தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று அவளுக்கும் விளங்கியிருக்காது.

டிசம்பர் 31. புதன்

கேமரா சொல்லிவிட்டது. 8.56.

மெர்லின் நல்ல பெண். சுற்றி வளைத்துப் பேசினாள். “உங்க பக்கம் மேகம்னீங்க, அது நம்ம கையில இல்ல ஐயா. துள்ளலைக் கட்டுரையில சேர்க்க முடியாது. அதோட...” நிறுத்தினாள்.

“சொல்லும்மா.”

“ஒரு பகுதி நேரம் ஏன் தப்பாச்சுன்னு தெரியாம மீதியை மட்டும் எடுத்துக்க முடியாதாம். எங்க மூத்தவங்க சொல்றாங்க. கடிகார நேரம் கொடுத்தீங்கன்னா ஏதாச்சும் பண்ணலாம். பன்னிரண்டாம் தேதி கட்டுரை போகுது.”

துள்ளல் மட்டுமில்லை. நூற்றுப்பதினெட்டும் போகும். 1991-லிருந்து எல்லாம். கேபினில் இருபத்துநான்கு லீவரையும் இழுத்த கையால் எழுதியது.

பார்க்கிறேன் என்றேன்.

ஜனவரி 2, 2026. வெள்ளி

இப்படியும் இருக்கலாம்: 2011-இல் துள்ளியது, இப்போது திரும்ப ஒரு துள்ளல் துள்ளிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கொடுத்த வாயுவைத் திருப்பி வாங்கிக்கொண்டால்?

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். சிக்கந்தர் இதைப் படித்தால் கடையைப் பூட்டிவிட்டுச் சிரிப்பான்.

ஜனவரி 5. திங்கள்

சௌந்தரத்தின் தங்கை மதுரையிலிருந்து வந்தாள். கூப்பிட ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் தாமதம். சௌந்தரம் கடிகாரத்துக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பிளாட்பாரத்தின் மதுரைப் பக்கத்து நுனிவரை நடந்தேன். மூச்சு வாங்கியது. பழைய கேபின் கட்டடத்தில் இப்போது வேப்பஞ்செடி முளைத்திருக்கிறது.

ரயில் வந்தது. என்னைத் தாண்டும்போது மணி பார்த்தேன், பழக்கதோஷம். 10.41. கடைசிப் பெட்டியோடு நானும் நடந்து திரும்பினேன்.

“எத்தனைக்கு வந்துச்சு?” என்றேன்.

“பத்து நாப்பத்திரண்டு. தலைக்கு மேல கடிகாரத்தை வச்சுக்கிட்டு எனக்குத் தெரியாதா?”

“என்னைத் தாண்டுறப்ப நாப்பத்தொண்ணு.”

“நீங்க ரயிலுக்கு எதிர்ல போய் நின்னீங்க. உங்களைத் தாண்டிட்டுத்தானே எங்கிட்ட வரணும்?” பிறகு, “என்னங்க? ஏன் இப்படி வேர்க்குது? உட்காருங்க” என்றாள்.

உட்கார்ந்தேன். தங்கையின் பையை யார் தூக்கி வந்தார்கள் என்று தெரியாது.

ஜனவரி 6. செவ்வாய்

நட்சத்திரத்தின் வெளிச்சம்தான் ரயில். சூரியன் ஸ்டேஷன். நான் பூமி. மார்கழி, தையில் பூமி நட்சத்திரத்தின் பக்கமாக நிற்கிறது. வெளிச்சம் என்னை முதலில் தாண்டும், பிறகு சூரியனுக்குப் போகும். என் நேரத்தை ஸ்டேஷன் நேரமாக்க நான் கூட்ட வேண்டும்.

முப்பத்துநான்கு வருஷமாகக் கழித்திருக்கிறேன்.

1991-இல் மாவட்ட நூலகத்தில், வெளியே கொடுக்காத புத்தகத்திலிருந்து பென்சிலால் எடுத்த அட்டவணை. சூரியனின் நேரத்தைப் பூமியின் நேரமாக்குவதற்கு உண்டானது. நான் அதை எதிர்த் திசையில் பயன்படுத்தியிருக்கிறேன். தலைப்பில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் எடுத்து எழுதவில்லை, நூலகம் மூடும் நேரம்.

ஒரே மாதத்தில் பார்த்தவரை பிழை எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு, வெளியே தெரியாது. நெஞ்சில் சளி கட்டி, தையை விட்டு மாசிக்கு மாறினேன். பிழையும் மாறியது. பதினாறு நிமிஷம். நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் இரண்டு வரியில் சொன்னது கேலியே அல்ல, கணக்கு.

மெர்லினிடம் சொல்லாமலே இருந்துவிடலாம். வயதானவர், கோபித்துக்கொண்டு தரவில்லை என்று நினைப்பாள். அதில் மானம் போகாது.

ஜனவரி 8. வியாழன்

சௌந்தரம் பழைய நோட்டுகளிலிருந்து கடிகார நேரத்தை வாசிக்கிறாள், நான் புதிதாகக் கணக்குப் போடுகிறேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. 1997 நோட்டில் ஓர் இடத்தில் நிறுத்தி, “இது என் தலைப்பிரசவத்து அன்னைக்கு ராத்திரி. அப்ப இங்கதான் இருந்தீங்களா?” என்றாள். அடுத்த நேரத்தை வாசி என்றேன். வாசித்தாள், சத்தமாக.

ஜனவரி 9. வெள்ளி

முடிந்தது. துள்ளல் இல்லை.

மாசி பங்குனிச் சிதறலும் இல்லை. நூற்றுப்பதினெட்டுப் புள்ளியும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. டிசம்பர் 27-உம் சேர்த்தால் நூற்றுப்பத்தொன்பது. அன்றைக்கு என் நடு நேரம் 8.56. மறுநாளே கணக்கிட்டுவிட்டேன், எழுதவில்லை.

ஜனவரி 10. சனி

இளையான்குடி போனேன். கடை அதே கடை, பலகை மட்டும் புதிது. சிக்கந்தர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி ஒரு வாட்சைக் குடைந்துகொண்டிருந்தான். தாடி முழுக்க வெள்ளை.

நிமிராமலே, “செல் போடணும்னா அரை மணி ஆகும்” என்றான்.

“சூரியத் திருத்தத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

நிமிர்ந்தான். ஒரு கண் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினான்.

“அண்ணனா? உக்காருங்க. அந்த ஸ்டூல் இல்ல, அது காலு ஆடும்.”

“கழிச்சிருக்கேன் பாய். கூட்டுற இடத்துல.”

“தெரியும்.”

“எப்பத்திலேருந்து?”

“நீங்க அச்சுல போட்டீங்கள்ல, அன்னைக்கே. என் கணக்கோட வச்சுப் பாத்தேன், திருத்தத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி நின்னுச்சு. மாசத்துக்கு மாசம் மாறுச்சு.”

“குறி தப்புன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே! சளியாம், சளி!”

“அதுக்கு முந்தியே கடைக்கு வந்தீங்களே அண்ணே, பத்திரிகைய எடுத்துக்கிட்டு. திருத்தம் எப்படிப் போட்டீங்கன்னு நான் வாயத் தொறந்தேன். ‘வாட்சுக்கு மூடி கழட்டுறவன் எனக்குக் கணக்கு சொல்றியா’ன்னீங்க. வாசல்ல நாலு பேர் நின்னாங்க.”

எனக்கு அது ஞாபகம் இல்லை.

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

“இப்ப என்ன செய்யப் போறீங்க?” என்றான்.

“நீ என்ன செய்வே?”

“எனக்குத் தெரியாது. நான் எதையும் கண்டுபிடிக்கலையே, இழக்குறதுக்கு.”

குத்தலா, மெய்யா என்று முகத்தைப் பார்த்தேன். மெய்தான்.

ஜனவரி 11. ஞாயிறு

மெர்லினுக்கு நூற்றுப்பத்தொன்பது கடிகார நேரமும் போய்ச் சேர்ந்தன. கூடவே இதை எழுதினேன்:

“டிசம்பர் 27 அன்று மேகம் இல்லை. பார்த்தேன். பக்கத்தை இணைத்திருக்கிறேன். 1991 முதல் சூரியத் திருத்தத்தைத் தலைகீழாகச் செய்துவந்தேன். 2011 துள்ளல் என் பிழை. சிக்கந்தர் 2012-லேயே இதைக் கண்டார். கட்டுரையில் அப்படியே எழுத வேண்டும், மழுப்பக் கூடாது.”

அறிவியல் இதழுக்கும் கடிதம் எழுதினேன். அது நின்றுபோய் ஆறு வருஷம் ஆகிறதாம். மறுப்புப் போடவும் இடமில்லை.

ஜனவரி 13. செவ்வாய்

மெர்லின் வரைபடம் அனுப்பியிருக்கிறாள். சிக்கந்தரின் புள்ளிகள், கேமராவின் புள்ளி, என்னுடையவை. மெல்ல மேல்நோக்கி வளையும் ஒரே கோடு. 1991-லிருந்து 2002 வரை உலகத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த நாற்பத்தொரு புள்ளியை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது நேர்க்கோடு மாதிரிதான் தெரிகிறது, வாயு வழிகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. அவற்றைச் சேர்த்தால்தான் வளைவு என்று எழுதியிருக்கிறாள்.

சரிதான். ஆனால் வளைவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எவ்வளவோ வருஷமாக ஒன்று இன்னொன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு நாளும் துள்ளாமல். இதில் படம் போட என்ன இருக்கிறது? துள்ளல் இல்லாத அந்தக் கோட்டை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் ஏதோ எடுத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. மூச்சு என்னவோ சீராகத்தான் வந்தது.

பிறகு 2017 மார்ச்சில் சிக்கந்தரின் இரண்டு புள்ளிகள் கோட்டைவிட்டு நாலு நிமிஷம் கீழே நிற்பது கண்ணில் பட்டது. என்னுடையவை அங்கே கோட்டின் மேலேயே இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. உடனே போன் போட்டேன்.

“பாய், ரெண்டாயிரத்துப் பதினேழு மார்ச்சுல என்ன செஞ்சு வச்சிருக்கே?”

“அதுக்குள்ள சண்டையா அண்ணே?”

“ஆமா” என்றேன். “நோட்டை எடு.”